ஒன்பது பூஜ்ஜியம்

கோச் அன்றைக்குக் கண்ணாடியை லோடிங் டாக்கிலேயே மறந்துவிட்டார். அதனால்தான் அந்தத் தாளை நான் படித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபர். வட கரோலினாவில் டர்ஹம் நகரத்துக்கு வெளியே, ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குடுவையும் கையுறையும் அனுப்புகிற கிடங்கில் எனக்கு வேலை. கணக்குப் பார்க்கிற மென்பொருளை நான் மேய்க்கிறேன். சரக்கை கோச் மேய்க்கிறார். ஷிப்ட் சூப்பர்வைசர். அப்போது அவருக்கு வயது 51. வார இறுதியில் தன் சர்ச்சின் ஜிம்மில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு பாஸ்கட்பால் சொல்லித்தருவதால் கிடங்கு முழுக்க அவருக்கு கோச் என்றே பெயர். இதை எழுத அனுமதி கேட்டபோது இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, உண்மைப் பெயர் வரக் கூடாது. இரண்டு, உயரத்தைச் சொல்லியாக வேண்டும். ஆறடி நாலங்குலம். போதுமா கோச்?

அன்று மதியம் ட்ரக்கில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சை அடைத்து, இடது கை மரத்துப்போய், அடுக்கியிருந்த பாலெட் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஐயாம் குட், ஐயாம் குட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அதையேதான் சொன்னார். நான் பின்னாலேயே காரில் போனேன். நாலு மணி நேரம் ஓடியது. ஈசிஜி சரியாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் சரி, மாரடைப்பு இல்லை என்றார்கள். பானிக் அட்டாக்காக இருக்கலாம் என்று சொல்லி ஒரு கிளிப்போர்டைக் கொடுத்துவிட்டு நர்ஸ் போனார்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள் தெரிந்திருக்கும். மனச்சோர்வை அளக்கிற ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா, தூக்கம் கெட்டதா என்று போகும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. கூட்டினால் அதிகபட்சம் 27.

கோச் தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். அப்புறம் என்னிடம் தள்ளினார். "நீ படி."

நான் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் "ஜீரோ" என்றார். தூக்கம் பற்றிய கேள்விக்கும் ஜீரோ. விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு பாஸ்கட்பால் வீடியோ அனுப்புகிற மனுஷன் அவர். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். "ஜீரோ" என்று மறுபடி சொன்னார், எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதா என்பது. திரைக்கு அந்தப் பக்கம் வேறு நோயாளி இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தேன். கோச் சுவரில் இருந்த கை கழுவும் அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீரோ. கையெழுத்து எங்கே போட வேண்டும்?"

ஒன்பது பூஜ்ஜியம். அந்த நேரத்தில் நான் அதை வீம்பு என்றுதான் நினைத்தேன். ஆறடி நாலங்குல உடம்பில் அவ்வளவு பெரிய வீம்பு. ஊரில் என் அப்பா சர்க்கரை மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு "எனக்கென்ன கேடு" என்று திரிந்தாரே, அந்த ரகம் என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பு என் பக்கம் என்று புரிய ஆறு மாதமானது.

கோச்சுடன் நான் முடி வெட்டப் போவது வழக்கம். என் தலையில் வெட்ட அதிகம் இல்லை, பேச்சுக்காகப் போவேன். ஃபயட்வில் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய பார்பர்ஷாப். அந்தப் பகுதிக்கு ஹேட்டாய் என்று பெயர். ஒரு காலத்தில் கறுப்பினத்தவரின் கடைகள், தியேட்டர், லைப்ரரி எல்லாம் நிறைந்து கிடந்த இடம். நகரத்தைப் புதுப்பிக்கிறோம் என்று இடித்துவிட்டு அதன் நடுவே 147-ஆம் நெடுஞ்சாலையை விட்டார்கள். கோச்சின் அப்பா அங்கே தையல்கடை வைத்திருந்தாராம். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மூன்றாவது லேன் ஓடுகிறது என்பார். சாலையில் போகும்போது கையைக் காட்டி, "அப்பாவின் கடைக்குள்ளே போகிறோம், செருப்பைக் கழற்று" என்று ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்.

சனிக்கிழமை அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். யாருக்கும் அவசரம் கிடையாது. டிவியில் ஏதாவது ஆட்டம். கிளிப்பரின் ரீங்காரம், கழுத்தில் போடும் பவுடர், கடைசியில் நெற்றி ஓரத்தைக் கோடு பிடித்துவிட்டு ஆல்கஹால் தடவும்போது வருகிற உஸ்ஸென்ற மூச்சு. கடைக்காரர் எழுபதை நெருங்குகிறவர். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்துத்தான் வெட்டுவார். வெட்டிக்கொள்கிறவருக்குத் தன் முகம் தெரியாது. கடைக்காரர் பின்னால் நிற்பதால் அவர் முகமும் தெரியாது. கை மட்டும் தலைமேல் இருக்கும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கோச் அந்த நாற்காலியில். நான் எதிரே பெஞ்சில். கடைக்காரர் கிளிப்பரை நிறுத்தாமலே கேட்டார்: "உன் தம்பி போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம், இல்லையா?"

கோச் ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் கிளிப்பர் சத்தம் மட்டும். அப்புறம் கோச் சொன்னார்: "அது ஆக்சிடென்ட் இல்லை."

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி கார் விபத்தில் இறந்ததாகத்தான் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். அடக்க ஆராதனையில் பாஸ்டரும் அப்படித்தான் சொன்னாராம். அம்மா இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். கடைக்காரர் "எனக்குத் தெரியும்" என்றார். கை நிற்கவில்லை. "உனக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. கோச்சின் தோள் அந்தத் துணிக்குள்ளே குலுங்கியது. கடைக்காரர் கிளிப்பரை அணைத்து, வெந்நீர்த் துண்டை எடுத்து அவர் முகத்தின்மேல் போட்டார். முகச்சவரம் செய்கிறவருக்குப் போடுவதுதான் அந்தத் துண்டு. கோச் சவரத்துக்கு உட்காரவே இல்லை. பெஞ்சில் இருந்த ஒருத்தர் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்தத் துண்டையும் டிவியையும் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் எந்தப் பயிற்சிக்கும் போனவரில்லை. ஆனால் இதையே ஒரு வேலையாக எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அர்கன்ஸாவைச் சேர்ந்த லொரென்ஸோ லூயிஸ் 2016-இல் தொடங்கிய அமைப்பு, கறுப்பின பார்பர்களுக்கு மனச்சோர்வை அடையாளம் காணவும், காது கொடுத்துக் கேட்கவும் சொல்லித்தருகிறது. உடம்புக்கு இந்த வழி வேலை செய்யும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸில் நிரூபித்தே காட்டினார்கள். 52 பார்பர்ஷாப்புகளில் ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்களைச் சேர்த்து, ஒரு பகுதிக் கடைகளுக்கு பார்மசிஸ்டையே வரவழைத்து மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அங்கே மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று பார்பர் புத்திமதி மட்டும் சொன்ன கடைகளில் 9 புள்ளி. 2018-இல் வந்த ஆய்வு. அதே ஆட்கள், அதே வியாதி. மருந்து அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கோச்சிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசம் இல்லாதது சில நேரம் வசதி, சில நேரம் சங்கடம். என் மனசுக்குள் அவரை எப்போதும் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். "ஆஸ்பத்திரியில் ஏன் எல்லாவற்றுக்கும் ஜீரோ சொன்னீர்கள்?"

"அந்தத் தாள் எங்கே போகும் என்று உனக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. "எனக்கும் தெரியாது. அதனால்தான்."

அப்புறம் கோல்ட்ஸ்பரோ பற்றிச் சொன்னார். டர்ஹமுக்குத் தென்கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். கோச்சின் பாட்டி, பிள்ளைகள் அடம்பிடித்தால் "கோல்ட்ஸ்பரோவுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டுவாராம். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்று சொல்வோமே, அதேதான். நாம் சிரித்துக்கொண்டே சொல்வோம். அந்தப் பாட்டி சிரிக்கவில்லை. 1880-இல் கறுப்பினத்தவருக்கு என்று தனியாகத் தொடங்கிய மனநோய் மருத்துவமனை அது. 1965 வரை அவர்களுக்கு மட்டுமேயானதாக இருந்தது.

ஜூனியஸ் வில்சன் என்பவரின் கதையை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்; அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. 1908-இல் பிறந்தவர். காது கேட்காது. ராலே நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான காதுகேளாதோர் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். அந்தப் பள்ளியின் சைகைகள் வெளியே யாருக்கும் புரியாத சைகைகள். 1925-இல், பதினேழு வயதில், பெண்ணிடம் தவறாக நடக்க முயன்றதாகக் குற்றம் சாட்டிப் பிடித்தார்கள். வழக்கு நடக்கவில்லை. புத்தி சுவாதீனம் இல்லை என்று எழுதி கோல்ட்ஸ்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே விதை நீக்கம் செய்தார்கள். 1970-இல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதற்குப் பிறகும் ஆள் உள்ளேதான். 1990-களில்தான் அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறிய வீட்டைக் கொடுத்தார்கள். 2001-இல் அங்கேயே இறந்தார். மொத்தம் 76 வருடம். அவருக்கு மனநோய் எதுவும் இல்லை. காது கேட்காது, அவ்வளவுதான்.

அது ஒரு தனி மனிதரின் கதை என்றும் தள்ள முடியாது. வட கரோலினா அரசே ஒரு வாரியம் வைத்து, மந்தபுத்தி, மனநோய் என்று தாளில் எழுதி, 1974 வரை சுமார் 7,600 பேருக்குக் கருத்தடை செய்திருக்கிறது. பிற்காலத்தில் அதிகம் சிக்கியது கறுப்பினப் பெண்கள். 2013-இல்தான் நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் வந்தது. தாள் எங்கே போகும் என்று கோச் கேட்டதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நான் வீம்பு என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தேன்.

வீம்பும் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கோச்சே ஒத்துக்கொள்வார். "இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம்" என்பது அவருடைய அப்பாவின் வாக்கு. தற்கொலை என்றால் கறுப்பினத்தவர் பக்கத்தில் விகிதம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் 2018-இல் லட்சத்துக்கு 7.3 ஆக இருந்தது 2021-இல் 8.7 ஆகிவிட்டது. தம்பி அந்தக் கணக்கிலும் வரமாட்டான், ஆக்சிடென்ட் என்றுதானே எழுதியிருக்கிறது என்றார் கோச். அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

அவர் பையன்களுக்கு அடிக்கடி சொல்கிற கதை ஜான் ஹென்றியுடையது. நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு மலையைக் குடைந்து, ஜெயித்து, சுத்தியல் கையிலிருக்க விழுந்து செத்த தொழிலாளி. அந்தப் பெயரையே ஒரு ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னது நான். எங்கள் பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் வேலை பார்த்த ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், 1978-இல் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவரைப் பேட்டி எடுக்கப் போனார். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். குத்தகையிலிருந்து தானாக மீண்டு, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் சொந்த நிலம் சேர்த்தவர். ஐம்பதுகளின் கடைசியில் ரத்த அழுத்தம், மூட்டுவலி, வயிற்றுப்புண். புண் முற்றி இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாராம்: "ஜான் ஹென்றி, சாப்பிட நேரமாச்சு!" பெயரே அதுதான். ஜான் ஹென்றி மார்ட்டின். விடாமல் முட்டி மோதிச் சமாளிக்கிற குணம், வசதியில்லாத கறுப்பின ஆண்களின் உடம்பை எப்படித் தின்கிறது என்று ஜேம்ஸ் அப்புறம் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்.

கோச் முழுக்கக் கேட்டுவிட்டு, "நாற்பது சதவீதமா?" என்றார். மறுபடி ஒரு நிமிஷம் கழித்து, "நாற்பதா?"

பையன்களிடம் இப்போது அவர் டிமார் டிரோஸன் கதையையும் சேர்த்துச் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் காம்ப்டனில் வளர்ந்த பாஸ்கட்பால் ஆட்டக்காரர். 2018 பிப்ரவரியில், ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸ் வந்திருந்த நேரத்தில், டிப்ரஷன் தன்னை வீழ்த்துகிறது என்று நடுராத்திரியில் ஒரே வரி ட்வீட் போட்டார். அடுத்த மாதம் இன்னொரு ஆட்டக்காரர் கெவின் லவ் தன் பானிக் அட்டாக்கைப் பற்றி எழுதியபோது டிரோஸனைக் குறிப்பிட்டிருந்தார். "லவ் வெள்ளைக்காரர். கதவைத் திறந்தது நம்ம ஆள்" என்பார் கோச். பையன்களுக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. டிரோஸனின் மிட்ரேஞ்ச் ஷாட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

சரி, தெரபிஸ்ட் பார்ப்பது என்று முடிவானது. ஒரே ஒரு கோரிக்கை: "என் தம்பி யாரென்று பாடம் நடத்திப் புரியவைக்காமல் பேசக்கூடிய ஆள் வேண்டும்." அதாவது கறுப்பின ஆண். அமெரிக்காவில் நூறு உளவியலாளர்களை நிறுத்தினால் கறுப்பினத்தவர் ஐந்து பேர் தேறுவார்கள். அதில் ஆண்கள் இன்னும் குறைவு. இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலிலிருந்து 23 பெயரை எடுத்து நான் எக்ஸெலில் போட்டேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான். மதிய உணவு நேரத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போன் போட்டோம். நாலு எண் உபயோகத்தில் இல்லை. ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார். ஒருவர் சார்லட்டுக்குப் போய்விட்டார். ஒரு எண்ணில் டயர் கடை எடுத்தது. கோச் அவர்களிடம் பத்து நிமிஷம் பேசி ஒரு ஜோடி டயருக்கு விலை விசாரித்தார். மற்றவர்கள் புதிதாக யாரையும் எடுப்பதில்லை என்றார்கள். மனம் ஒடிந்து கிடக்கிறவன் இப்படி இத்தனை போன் போட வேண்டும் என்று எவன் வகுத்தானோ. இருபத்திரண்டாவதாக ராலேவில் ஒருவர் கிடைத்தார். ஆறு வாரம் காத்திருந்தால் வீடியோவில் பார்க்கலாம்.

அந்த ஆறு வாரம்தான் கோச்சின் மனைவிக்குப் பயம். ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? அவசர எண்ணான 911-ஐக் கூப்பிட அவருக்கு மனசில்லை. 2020 அக்டோபரில் பிலடெல்பியாவில் வால்டர் வாலஸ் என்பவரின் குடும்பம் மனநிலை சரியில்லாத பிள்ளைக்கு உதவி கேட்டுக் கூப்பிட்டு, வந்த போலீஸ் அம்மாவின் கண்ணெதிரே அவரைச் சுட்டதை அவர் மறக்கவில்லை. டர்ஹமில் 2022-இலிருந்து நகராட்சி துப்பாக்கி இல்லாத குழு ஒன்றை அனுப்புகிறது. மனநல ஆலோசகர், அவசர மருத்துவ உதவியாளர், இப்படிப்பட்ட நிலையைத் தானே கடந்து வந்த ஒருவர் என மூன்று பேர். அவர்களைக் கேட்டு வாங்கலாம் என்பதையும், 988 என்ற நெருக்கடி எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. தேவைப்படவில்லை.

முதல் சந்திப்பு ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு பத்துக்கு. வீட்டில் பேச முடியாது, அம்மா இருக்கிறார். கிடங்கில் அறை இல்லை. கார்தான். பார்க்கிங்கின் கடைசி வரிசையில், ஓக் மரத்தடியில் நிறுத்திவிட்டு, போனை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்துப் பேசினார். ஐம்பது நிமிஷம் கழித்து டாக்குக்கு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஒரு பெட்டியின் லேபிளைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதே தாள். இந்தத் தடவை அவன் படித்தான்."

"அப்புறம்?"

"பதினாலு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், ஸ்கோர்போர்டைக் காட்டுவதுபோல. "முதல் ஆட்டத்திலேயே பதினாலு பாயிண்ட், ப்ரதர்."

போன மாதம் ஒன்பது என்றார். அதற்கு முந்தைய மாதம் பதினொன்று. நடுவில் தம்பியின் பிறந்தநாள் வந்த வாரத்தில் பதினாறுக்கு ஏறியது. அம்மாவிடம் ஆக்சிடென்ட் பேச்சை அவர் இன்னும் எடுக்கவில்லை. எடுப்பாரா என்பதும் தெரியவில்லை.

காரில் உட்கார்ந்து பேசுவதில் ஒரே தொல்லை, பக்கத்தில் யாராவது வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் தட்டி "கோச், ட்ரக் எத்தனை மணிக்கு?" என்று கேட்பது. வலது பக்கம் மரம், பிரச்சினை இல்லை. அதனால் வியாழக்கிழமைகளில் நான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி வந்து, என் வண்டியை அவருக்கு இடது பக்கம் நிறுத்திவிடுகிறேன்.